பதிவு எண்டா என்ன?

"தம்பி, பதிவு எண்டா என்ன?"

ராத்தா இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது 2013ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். கோபமாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை பாடத்தில் விளங்காத சொல்லொன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். முப்பது வருடம் அந்தச் சொல்லை வைத்தே சம்பளம் எடுத்தவன் நான். பதில் வரவில்லை.

விடயம் இதுதான். மச்சான் மௌத்தாகி நாலு வருடத்துக்குப் பிறகு, 2010இல், ராத்தா இரண்டு ஏக்கர் வயலை விற்றார். இளைய மகளுக்கு வீடு கட்டவேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணப் பேச்சு வாசற்படியைத் தாண்டாது. (அந்த வழக்கத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே விடுகிறேன்.) கைக்கு வந்தது பன்னிரண்டு இலட்சம். வீடு கட்ட அது காணாது. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. எங்கள் பிரதான வீதியில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக மாதத்துக்கொரு நிதிக் காரியாலயம் திறந்துகொண்டிருந்த காலம். அவற்றிலொன்று, வட்டியில்லை, இலாபப் பங்கு என்றது. இலட்சத்துக்கு மாதம் 2,500 ரூபா.

ராத்தா அவசரப்படவில்லை. அவர்கள் சுவரில் மாட்டியிருந்த பத்திரத்தின் போட்டோப் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "நீ கந்தோர் ஆள், பாத்துச் செல்லு" என்றார். பார்த்தேன். கம்பனிப் பதிவாளரின் சான்றிதழ். இலக்கம் இருந்தது, திகதி இருந்தது, ஒப்பம் இருந்தது. "பதிவெல்லாம் சரியாத்தான் இரிக்கி ராத்தா" என்றேன்.

அந்த வார்த்தையில் ஒரு பொய்யும் இல்லை. இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

இருபது மாதம் முப்பதாயிரம் முப்பதாயிரமாக வந்தது. பிறகு "அடுத்த கிழமை" என்றார்கள். பிறகு கண்ணாடிக் கதவில் பூட்டு. வந்த ஆறு இலட்சம் இலாபமா, அல்லது அவருடைய முதலில் பாதியையே அவருக்குத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்தார்களா என்று இனி யார் சொல்லப்போகிறார்கள்? முறைப்பாடு செய்யப்போன இடத்தில் ஒரு உத்தியோகத்தர், "கம்பனி பதிவுதான், ஆனா வைப்பு எடுக்க அனுமதி இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான் ராத்தா என்னிடம் வந்தார். பதிவு இருக்கிறது, அனுமதி இல்லை என்பது அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்?

நான் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவன். ஒரு சங்கம் எப்படிப் பதிவாகிறது என்பது எனக்கு மனப்பாடம். பத்துப் பேர் சேரவேண்டும், உபவிதிகள் எழுதவேண்டும், பொதுக்கூட்டம் கூடவேண்டும், விண்ணப்பம் போகவேண்டும். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவாளருக்குப் பெரிய அதிகாரங்கள் உண்டு. கணக்காய்வு செய்விக்கலாம், விசாரணை நடத்தலாம், நிர்வாகசபையைக் கலைக்கலாம். கடதாசியில் பார்த்தால் எந்தத் திருடனும் நடுங்குவான். ஆனால் அந்த அதிகாரம் ஊருக்குப் போய்ச் சேருவது ஒரு மோட்டார் சைக்கிளில். அந்தச் சைக்கிளில் இருந்தவன் நான். என் பொறுப்பில் முப்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள். போன இடத்தில் காசேட்டைப் பார்ப்பேன், பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுவேன், லாச்சியிலிருக்கும் காசை எண்ணிப் பார்ப்பேன். சில சங்கங்களுக்கு நான் போகாத வருடங்களும் உண்டு. அந்த வருடங்களிலும் அவற்றின் பெயர்ப்பலகையில் "பதிவு செய்யப்பட்டது" என்ற எழுத்து அப்படியேதான் இருந்தது.

ஆகவே, பதிவு வேறு, மேற்பார்வை வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவு ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம். பிள்ளை பிறந்தது, பெயர் இன்னது என்று அது சொல்லும். பிள்ளை நல்லதா என்று சொல்லாது. பொதுமக்களிடமிருந்து வைப்பு எடுப்பதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். ராத்தா பணம் போட்ட காலத்தில் அதற்கிருந்தது 1988ஆம் ஆண்டின் 78ஆம் இலக்கச் சட்டம். அதன் இடத்துக்கு 2011இல் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் வந்தது. அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளை மத்திய வங்கியில் இதற்கென்றுள்ள திணைக்களம் பார்க்கிறது. மூலதனம் எவ்வளவு, உடனே காசாக்கக்கூடிய சொத்து எவ்வளவு, பணிப்பாளர்கள் தகுதியானவர்களா என்று பார்ப்பார்கள். காலத்துக்குக் காலம் அறிக்கை கேட்பார்கள். நேரில் போய்ப் புத்தகங்களைப் புரட்டுவார்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் போடுகிறார்கள். அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் போதும். பார்க்கவில்லை.

அதுவும் எப்போது? கோல்டன் கீ விழுந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி 2008 டிசம்பரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் ஏறத்தாழ 2,600 கோடி ரூபா அதற்குள் இருந்தது. வைப்பு எடுக்க அதற்கு அனுமதியில்லை. ஆனால் அது செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தில் மத்திய வங்கியின் அனுமதியுள்ள செலான் வங்கியும் இருந்தது. பணம் போட்டவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போட்டார்கள். பெரிய வீட்டில் விளக்கெரிந்தால் பக்கத்துக் குடிலுக்கும் அதே கம்பியிலிருந்துதான் மின்சாரம் வருகிறது என்று நினைப்பதைப்போல.

இது ஏழை நாட்டுக் கதை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பிரித்தானியாவில் லண்டன் கெப்பிட்டல் அன்ட் ஃபினான்ஸ் என்ற கம்பனி 2019 ஜனவரியில் விழுந்தது. ஏறத்தாழ 11,600 பேரின் 23 கோடி 70 இலட்சம் பவுண். அங்குள்ள நிதி நடத்தை அதிகாரசபையின் அங்கீகாரம் அந்தக் கம்பனிக்கு இருந்தது. ஆனால் மக்களுக்கு அது விற்ற முறிகள் அந்த ஒழுங்குவிதிகளுக்குள் வரவில்லை. கடைக்கு அனுமதி, சரக்குக்கு இல்லை. கம்பனி தன் அங்கீகாரத்தைக் காட்டிக்காட்டியே சரக்கை விற்றது. 2020 டிசம்பரில் வெளியான விசாரணை அறிக்கை அதிகாரசபையையே கடுமையாகக் குற்றஞ்சாட்டியது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குத் தெரிந்தது லண்டன் அல்ல. ராத்தா கொண்டுவந்த போட்டோப் பிரதி.

வாயிலிருந்து உண்மையாகப் புறப்பட்ட சொல் காதில் பொய்யாக விழுமானால், அந்தப் பொய் யாருடையது? சொன்னவன், "நான் சொன்னது சரிதானே, நீ விளங்கிக்கொண்டதுதான் பிழை" என்று தப்பலாம். சட்டத்தில் அது எடுபடவும் கூடும். ஆனால் எதிரிலிருப்பவர் என்ன விளங்கிக்கொள்வார் என்று தெரிந்துகொண்டே சொல்லும்போது? "பதிவு சரி" என்றால் ராத்தாவுக்கு அதன் அர்த்தம், "யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பது. அது எனக்குத் தெரியும். ஊர் முழுவதற்கும் அதன் அர்த்தம் அதுதான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மேற்பார்வை செய்பவருக்குத் தெரிந்ததையெல்லாம் வெளியே சொல்ல முடியாது. ஒரு நிதிக் கம்பனி மெலிந்துவருகிறது என்று அறிக்கைகளில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நாளைப் பத்திரிகையில் போட்டால் நாளை மறுநாள் வாசலில் வரிசை நிற்கும். பிழைத்திருக்கக்கூடிய கம்பனியும் செத்துப்போகும். செலான் வங்கிக்கு 2008 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். விழுந்தது கோல்டன் கீ. வரிசை நின்றது வங்கியில். மத்திய வங்கி தலையிட்டு, முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்த பிறகுதான் அது தணிந்தது. வைத்தியர் நோயாளியின் நாடித்துடிப்பைச் சந்தியில் நின்று கூவுவதில்லை. அந்த மௌனத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதும் உண்மை. பிரமுக வங்கி அனுமதியுள்ள வங்கிதான், 2002இல் மூடப்பட்டது. த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதத்தில் இரத்தானது. அனுமதி என்பது உத்தரவாதம் அல்ல. ஆனால் 2010இல் ஆரம்பிக்கப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டம் இருந்ததால் த ஃபினான்ஸ் வைப்பாளர்களுக்கு ஆளுக்கு 600,000 ரூபா வரையாவது கிடைக்க வழியிருந்தது. அந்த எல்லை 2021இல் 1,100,000 ஆக உயர்ந்தது. கண்காணிப்பவரின் கண் தவறினாலும் கீழே ஒரு வலை. ராத்தாவின் கம்பனி அந்தக் கண்ணுக்கும் வெளியே, வலைக்கும் வெளியே.

ஆகவே நான் கோடு போடுவது இந்த இடத்தில். தான் பார்த்துக்கொண்டிருக்கும் கம்பனியின் நாடித்துடிப்பைப் பற்றி மேற்பார்வையாளர் மௌனமாக இருக்கலாம். தன் கண் எங்கே போகவில்லை என்பதைப் பற்றி மௌனமாக இருக்க அவருக்கு உரிமையில்லை. முதலாவது மௌனத்தால் வைப்பாளருக்கு ஓரளவு பாதுகாப்புண்டு. இரண்டாவது மௌனத்தால் பாதுகாப்புப் பெறுபவன் கண்ணாடிக் கதவு திறந்தவன் மட்டும்.

பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-மாவர்தி, ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தன் நூலில் ஹிஸ்பாவைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். சந்தையின் அளவையையும் நிறுவையையும் பார்க்கும் முஹ்தஸிபுக்கும், நன்மையை நாடித் தானாக முன்வந்து அதைச் செய்பவனுக்கும் இடையிலான வித்தியாசங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தானாக முன்வந்தவன் வேறு வேலை வந்தால் அதை விட்டுப்போகலாம், நியமிக்கப்பட்டவர் போகமுடியாது. தன்னிடம் உதவி கேட்டு வருபவருக்குப் பதில் சொல்வது நியமிக்கப்பட்டவருக்குக் கடமை, மற்றவனுக்கு அல்ல. அதேநேரம், வெளிப்பட்ட பிழையைத்தான் முஹ்தஸிப் தேடலாம். மூடிய கதவுக்குள் துருவிப் பார்க்கக்கூடாது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே கண்ணுக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லை சந்தையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்ததா என்பதுதான் என் கேள்வி.

இதை வாசித்த அன்று நான் இந்த இரண்டில் எந்த ஆள் என்று யோசித்தேன். ராத்தாவின் விடயத்தில் எனக்கு எந்த நியமனமும் இல்லை. கம்பனிகள் என் பொறுப்பல்ல. அப்படிச் சொல்லித் தப்பிக்க நினைத்தேன். ஆனால் "நீ கந்தோர் ஆள்" என்று சொல்லி அவர் என்னை நியமித்துவிட்டார். "இது என் கண்ணுக்கு எட்டாத விடயம், மத்திய வங்கியின் பட்டியலைப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கவேண்டும். அது சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு கந்தோர் ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டாமா! தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்களின் செய்தியை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். என் முறை வந்தபோது மேலே கிடந்த காய்ந்த தானியத்தைப் பார்த்துவிட்டு "நல்ல சரக்கு" என்றேன்.

"ஆசைப்பட்டுத்தானே போட்டா, அனுபவிக்கட்டும்" என்று ஊரில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் வருடத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கிடைக்காத காலத்தில் வருடத்துக்கு முப்பது தருகிறேன் என்றால் சந்தேகம் வரவேண்டாமா என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் பேராசைக்காரர் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கமாட்டார். எழுதப்படிக்கத் தெரிந்த தம்பியைத் தேடி வெயிலில் நடந்துவரமாட்டார். ராத்தா கேட்கவேண்டியதைக் கேட்டார். கேட்ட இடம்தான் சரியில்லை.

கம்பனிகளை விடுங்கள். என்னை அதிகம் பயமுறுத்துவது பரஸ்பரச் சங்கங்கள்தான். ஏனென்றால் அங்கே எதிரி இல்லை. எல்லோரும் நம்மவர்கள்.

வட அயர்லாந்தில் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கென்று 1982இல் ஒரு பரஸ்பரச் சங்கம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 10,000 அங்கத்தவர்கள். 30 கோடி பவுணுக்கு மேல் பணம். ஞாயிறு ஆராதனைக்கு வரும் விவசாயிகள், முதியவர்கள், விதவைகள் போட்ட சேமிப்பு. சங்கம் பதிவு செய்யப்பட்டதுதான். ஆனால் அது வட அயர்லாந்து அரசின் ஒரு திணைக்களத்தில் இருந்த பதிவு. லண்டனிலிருந்த நிதிச் சேவைகள் அதிகாரசபையின் கண் அதன்மேல் இல்லை. 2008 ஒக்டோபரில், உலக நெருக்கடியின் நடுவில், வங்கி வைப்புகளுக்குப் பிரித்தானிய அரசு காவல் கொடுத்தது. தங்கள் சங்கத்துக்கு அந்தக் காவல் இல்லை என்பது அப்போதுதான் அங்கத்தவர்களுக்கு உறைத்தது. ஆட்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். சங்கத்தின் பணமோ காணியிலும் கட்டடத்திலும் கடனிலும் முடங்கிக் கிடந்தது. நவம்பரில் சங்கம் வெளி நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2011இல் திறைசேரி 17 கோடி 50 இலட்சம் பவுண் கடன் கொடுத்த பிறகுதான் சிறு சேமிப்பாளர்கள் மூச்சுவிட்டார்கள். 2012இல் வட அயர்லாந்தின் கடன் சங்கங்களை நிதிச் சேவைகள் அதிகாரசபையின் கீழ் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சங்கத்தில் யாரும் கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டு ஓடவில்லை. வேதத்தை நம்பும் மனிதர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். "நம்முடைய சங்கம்" என்ற நினைப்பே மேற்பார்வை இல்லாத குறையை மறைத்துவிட்டது. நமது பள்ளிவாசல் நிர்வாகங்களில் கணக்குக் கேட்டவனை எப்படிப் பார்ப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். "ஹாஜியாரையே சந்தேகப்படுறீங்களா?" என்ற ஒரு வசனம் எத்தனை கணக்குப் புத்தகங்களை மூடியிருக்கிறது! குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. சிறிய கடனானாலும் எழுதி, சாட்சி வைக்கச் சொல்வது. அது விசுவாசிகளை விளித்துத்தான் பேசுகிறது. எழுதுவது நம்பிக்கையில்லாதவர்களுக்கு இடையில் மட்டும் என்று நமக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் மஹல்லாவில் ஒரு ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் நூறு ரூபா. மையித்து விழுந்தால் கபன், கப்று வெட்டும் கூலி, வாகனம், வீட்டுக்கு ஒரு தொகை. சென்ற வருடம் இளைஞர்கள் சிலர், இதோடு சேமிப்பும் எடுத்து, வட்டியில்லாக் கடனும் கொடுப்போம் என்றார்கள். நல்ல யோசனை. நுண்கடன்காரர்களிடம் எங்கள் பெண்கள் படும் பாட்டைக் கண்டவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். சேமிப்பு எடுப்பதென்றால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். செய்தோம். பிறகு சேமிப்புப் புத்தகம் அச்சிடும் வேலை வந்தது. முதற்பக்கத்தில் பதிவிலக்கம். அதற்குக் கீழே ஒரு வாசகம் வரவேண்டும் என்றேன். இச்சங்கத்தின் சேமிப்பு மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்டதல்ல. இதற்கு வைப்புக் காப்புறுதி இல்லை. அங்கத்தவர் எவரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வந்து கணக்கைப் பார்க்கலாம்.

கூட்டத்தில் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு தலைவர், "இப்பிடி எழுதினா ஆர் காக்கா சல்லி போடுவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. மக்கள் பயந்து, மறுபடியும் அந்த நுண்கடன்காரர்களிடமே போனால் பாவம் யாருக்கு? ஒரு தம்பி, "உண்மதான், ஆனா எல்லா உண்மையையும் மொதப் பக்கத்திலயே போடணுமா?" என்றார். இரண்டு மணித்தியாலம் பேசினோம். நான் ராத்தாவின் கதையைச் சொல்லவில்லை. அது அவருடைய கதை. கடைசியில் கையுயர்த்திப் பார்த்தபோது ஏழுக்கு ஆறு.

சென்ற கிழமை அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. பதிவிலக்கம் தடித்த பச்சை எழுத்தில், நடுவில். என்னுடைய வாசகம் அடியில், தையல் போகும் ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல. ராத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, யன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதிரிக்கி தம்பி?" என்றார்.

நாளைக் காலை அச்சகத்துக்குப் போகவேண்டும்.